அன்னப் பாலாடை

அருணகிரி ஆசாரிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. வெள்ளி வேலையில் பெரிய கைகாரர் என்று பேர் வாங்கிய மனுஷர், தலை நரைத்த பிறகு வடிவம்மாளின் பட்டறையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள்.

எல்லாம் ஒரு பாலாடையால் வந்தது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற, ஒரு பக்கம் மூக்கு நீட்டிய சின்னக் கிண்ணம். அதை அருணகிரியும் செய்தார், வடிவம்மாளும் செய்தாள். அவர் செய்தது சீர்த்தட்டில் வந்து எல்லாரும் பார்த்து மெச்சியபின் பீரோவுக்குள் போய்விடும். அவளும் அவளுக்கு முன்னால் அவள் அப்பாவும் செய்தது அடுக்களையிலேயே கிடக்கும். ஒரு பிள்ளை வளர்ந்ததும் பக்கத்து வீட்டுக்கு இரவல் போகும். திரும்பி வரும்போது நசுங்கியிருக்கும். தட்டி நிமிர்த்தி அடுத்த பிள்ளைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

"அம்மா, ஒரு சாமான் மூணு தலைமுறைக்கு எல்லா வீட்லயும் புழங்கணும்னா அதுல என்னதான் இருக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டார்.

வடிவம்மாள் வாயைத் திறக்கவில்லை. தன் பாலாடை ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கு நுனிவரை வழித்தாள். கவிழ்த்து வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். அவ்வளவுதான்.

அருணகிரிக்கு மனத்தாங்கலாகிவிட்டது. பாத்திரம் கழுவ நேரமிருக்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. இருக்கட்டும், நாமே செய்து காட்டுவோம் என்று வீட்டுக்குப் போய் மூன்று மாதம் உட்கார்ந்தார்.

வந்தது ஓர் அன்னம். உள்ளங்கையில் அடங்குகிற அன்னம். முதுகில் ஒரு சின்ன மூடி, அதைத் திறந்து பாலை ஊற்றினால் வளைந்த கழுத்து வழியாக வந்து அலகில் சொட்டும். ஈ விழாது. தூசி படாது. ஒரு சொட்டு சிந்தாது. கடைத்தெருவே கூடிவிட்டது. பதினோரு வீட்டார் வாங்கிப் போனார்கள். குருவிடமும் கொண்டுபோய்க் காட்டினார்.

வடிவம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கழுத்து ரொம்ப நீளமா இருக்கேண்ணே."

"அதுதாம்மா அழகே."

அவள் அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

பன்னிரண்டாவது அன்னத்தை அவர் தன் மகள் செண்பகத்துக்கு எடுத்து வைத்தார். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்துவிட்டது. அதற்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சி அன்னத்தில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். தாத்தா செய்த அன்னத்தில் பேத்தி குடிக்கிறாள் என்று அருணகிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பதினாறாம் நாள் குழந்தை எதிர்க்களிக்க ஆரம்பித்தது. பிறகு பேதி. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "எதுல பால் குடுக்கறீங்க?" என்று கேட்டார். அன்னத்தை வாங்கி மோந்து பார்த்தார். முகம் சுளித்து, "இனிமே இதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஊசி போட்டார்.

அருணகிரி அன்னத்தை வேட்டி மடிப்பில் சுருட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

"இதைக் கழுவுங்கண்ணே" என்றாள் வடிவம்மாள்.

வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார். மூன்று தடவை கொட்டினார். மூன்றாம் தடவை தண்ணீர் தெளிவாக வந்தது.

"சுத்தமாயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா."

அவள் கத்தரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. தான் மூன்று மாதம் வளைத்த கழுத்தை நீளவாக்கில் வெட்டிப் பிரித்தார். உள்ளே பச்சை பூத்துத் திரிந்து ஒட்டிய பால். பட்டறை முழுக்கப் புளித்த வாடை எழுந்தது.

"கழுவித்தாம்மா குடுத்தா செண்பகம். ஒவ்வொரு தடவையும் கழுவித்தான் குடுத்தா."

"அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லண்ணே. பால் குடுக்கிறவ கண்ணு எங்க இருக்கும்?"

"பிள்ளை வாயில."

"அப்புறம் பாத்திரத்தைப் பாக்க அவளுக்கு ஏது கண்ணு? விரல்தான்."

அருணகிரி தன் சுண்டுவிரலை அந்தக் கழுத்தருகே வைத்துப் பார்த்தார். நகம்கூட நுழையாது.

வடிவம்மாள் தன் பாலாடை ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். செண்பகம் அதில் இரண்டு நாள் புகட்டினாள். மூன்றாம் நாள் காலை புகட்டத் தேவையில்லாமல் போயிற்று.

பேர் வைக்காத பிள்ளை. வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். செண்பகம் அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் அவர் அந்தப் பதினோரு வீட்டுக்கும் நடந்தார். சும்மா கேட்டால் யார் கொடுப்பார்கள்? "நல்லாத்தானே இருக்கு, ஏன் திருப்பிக் கேக்கறீங்க?" என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எம் பேத்தி செத்துப் போயிட்டா" என்று சொல்ல வேண்டியிருந்தது. பத்து தடவை சொன்னார். ஏழாவது வீட்டில் மட்டும் சொல்ல வேண்டி வரவில்லை. அந்த வீட்டுப் பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே எடுத்து வந்து கொடுத்தாள். நல்லவேளையாக, அந்த வீடுகளில் எல்லாம் தாய்ப்பால் உறிஞ்சிக் குடிக்கிற பிள்ளைகள். அன்னம் அலமாரியில்தான் இருந்தது.

பதினொன்றையும் கொண்டுவந்து வடிவம்மாளின் உலையருகே கொட்டினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து நெருப்பில் வைத்தாள். கடைசி அன்னம் தலை சாய்ந்து உருகுகிறவரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கேட்டார். "அன்னைக்குக் கேட்டேனே அம்மா. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம் பேத்தி இருந்திருப்பாளே?"

வடிவம்மாள் துருத்தியை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையால் என்று சொல்லவில்லை.

"இருந்திருப்பாண்ணே. கழுவிக் காட்டினாப் போதும்னு நெனச்சேன். எனக்கு அது ரொம்ப அழகாப் பட்டுச்சு" என்றாள். "நான் சொன்ன பதிலும் உங்க அன்னம் மாதிரிதான். உள்ள விரல் போகல."