ஆசிரியர் ஒருவேளை விரும்பலாம்

"மேடம், இந்த வெள்ளைக்காரருக்கே ஒரு நிச்சயமில்ல. இவரு எப்படி என் கட்டுரையத் திருத்துதாரு?" என்றார் பால்வண்ணன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பகலில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார், மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சி மாணவர். அவருடைய நெறியாளர் ஜெஸிந்தா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். இரண்டு பேருக்குமே அதில் கூச்சம் கிடையாது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பல் ஏன் மஞ்சளாகக் கறைபடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. பன்னிரண்டு கிணற்றுத் தண்ணீரை மழைக்காலத்தில் மொண்டுவந்து சோதித்து, அதிலுள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்பது 'ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது' என்று அடித்து எழுதியிருந்தார். லண்டன் ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போன கட்டுரை, அதை அங்கே மதிப்பிட்ட வெள்ளைக்காரரின் கடிதத்தோடு திரும்பியிருந்தது. அது அச்சேறாவிட்டால் இந்த வருஷத்தோடு அவருடைய பிஎச்.டி. பதிவு ரத்து. ஆறு வருஷப் பாடும் வீண்.

"என்ன எழுதியிருக்கார் அண்ணாச்சி?"

"ரொம்பச் சுவாரசியமான ஆய்வாம். கோடைத் தண்ணியையும் ஒருதடவ சோதிச்சுப் பாக்கிறதப் பத்தி ஆசிரியர், அதாவது கட்டுரை எழுதின நானு, ஒருவேளை யோசிக்க விரும்பலாமாம்."

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். விரும்பல. ரெண்டு கமாவ மாத்தி நாளைக்கே அனுப்பிருதேன். வேணும்னா வேணும்னு சொல்ல வேண்டியதுதான? மனுசன் மென்னு முழுங்குதாரு."

ஜெஸிந்தா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. இன்னும் நாலு நாளில் மழை விழுந்துவிடும். விழுந்தால் கோடைத் தண்ணீருக்கு அடுத்த வருஷம்தான்.

"உங்க மகளைப் பொண்ணு பார்க்க வந்தாங்களே, என்ன ஆச்சு?"

பால்வண்ணனுக்கு முகம் சுண்டியது. இது எதற்கு இப்போது?

"நல்லாத்தான் பேசினாக. கேசரி பிரமாதம்னாக. பொண்ணு தங்கம்னாக. ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்னு சொல்லிட்டுக் கெளம்பினாக."

"அப்போ லெட்டருக்குக் காத்திருக்கீங்க."

"என்ன மேடம் நீங்க! வெவரங்கெட்ட ஆளா நானு? அவுக வண்டி தெரு திரும்புததுக்குள்ள தரகருக்குப் போனப் போட்டு, வேற ஜாதகம் கொண்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"அவங்க வேண்டாம்னு சொல்லலையே?"

"மருவாதி தெரிஞ்சவுக மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லுவாகளா?"

சொன்னவர் அப்படியே நின்றார்.

பிறகு கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை மெதுவாக. படிக்கப் படிக்க அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அலமாரியிலிருந்து காலி பாட்டில்களைப் பைக்குள் அடுக்கினார். எண்ணிப் பார்த்தார், பன்னிரண்டு இருந்தது. விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

"அண்ணாச்சி, காப்பி சொல்லியிருக்கேன். குடிச்சிட்டுப் போங்களேன்."

"பாக்கலாம் மேடம்" என்று மாடிப்படிக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.