சுவருக்கு வந்த பரிசு

மலைக்காட்டில் ஓங்கி நின்ற நாங்கு மரமொன்றின் பொந்துக்குள் மாதுளி என்னும் பெண் இருவாச்சிப் பறவை அடைகாத்திருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் கடுமையானது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் நுழைந்து, வாயிலை மண்ணால் பூசித் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். குஞ்சுகள் வளரும்வரை வாசல், சன்னல், உலகம் எல்லாம் அந்தப் பிளவுதான்.

அவள் கணவன் வன்சொண்டன் பொறுப்பானவன். காடே அப்படித்தான் சொன்னது. விடிந்ததும் அத்திப்பழம் கொண்டுவருவான்; பிளவின் வழியே ஊட்டுவான்; உடனே பறந்துவிடுவான். அவனுடைய இறக்கையோசை மலைச்சரிவில் தேய்ந்து மறையும்வரை மாதுளி கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு கேட்பதற்கு ஒன்றும் இராது.

அவர்கள் இணை சேர்ந்த நாள் அந்த ஆண்டும் திரும்பி வந்தது. அன்று வன்சொண்டன் வழக்கத்தைவிட மிடுக்காக வந்து அமர்ந்தான்.

"மாதுளி! இன்று உனக்கொரு பரிசு!"

அவள் பிளவின் வழியே அலகை நீட்டினாள். "என்ன அது? காட்டுங்கள்!"

"ஓடைக்கரைக் களிமண்! காய்ந்தாலும் வெடிக்காது. சுவரின் ஓரம் பெயர்ந்திருக்கிறதே, பூசிக்கொள்!"

மாதுளி மண்ணைப் பார்த்தாள். "நல்ல மண்தான். சற்று நேரம் இருந்துவிட்டுப் போங்களேன். ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது?"

"அதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்? உள்ளேதானே இருக்கிறாய்!"

அவன் பறந்துவிட்டான். மேல்கிளையில் குடியிருந்த மலையணில் பூவாலி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அக்கா! நாளும் கிழமையுமாக மண்ணா கிடைத்தது?"

"உன் வீட்டுக்காரர் என்ன தந்து கிழித்தார்?"

"மயிலிறகு! கூட்டில் வைக்க இடமில்லை. படுத்தால் முதுகில் குத்துகிறது. எதற்கும் உதவாது!"

"பிறகு ஏன் இப்படிச் சிரிக்கிறாய்?"

"மயிலின் பின்னாலேயே அலைந்து, தலையில் கொத்தும் வாங்கிக்கொண்டு வந்தாரே! அவ்வளவு நேரமும் என்னைத்தானே நினைத்திருப்பார்!"

மாதுளி மண்ணை எடுத்துச் சுவரில் பூசினாள். வேறு எதற்கும் அது ஆகாதே!

சில நாட்களில் பெருமழை பிடித்தது. பழங்கள் உதிர்ந்து அழுகின. ஒரு பகல் முழுதும் வன்சொண்டன் வரவில்லை. அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று மாதுளி பிளவிலேயே கண்ணை வைத்துக் கிடந்தாள். மழை ஓய்ந்தபோது எதிர்மரத்திலிருந்து அவன் செருமுவது கேட்டது.

"அங்கேயா இருக்கிறீர்கள்? எப்போது வந்தீர்கள்?"

"காலையிலேயே வந்துவிட்டேன்! ஒரு பழமும் அகப்படவில்லை. வெறும் அலகோடு உன் முன்னால் எப்படி வருவது?"

கூப்பிடு தூரத்தில் அவன் இருந்திருக்கிறான். அவளோ பகலெல்லாம் தனியே கிடந்திருக்கிறாள்.

"வெறும் அலகோடு வாருங்கள்! அதுதான் எனக்கு வேண்டும்!"

"பசியில் பிதற்றுகிறாய்! நாளைக்கு எப்படியும் கொண்டுவருகிறேன்!"

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் பழமும் வந்தது. முன்னதைவிடப் பெரிய மண்ணுருண்டையும் வந்தது.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. மாதுளி சுவரை உடைத்து அவற்றோடு வெளியே வந்தாள். வன்சொண்டன் பதறினான்.

"எப்பேர்ப்பட்ட மண்! இப்படியா தூளாக்குவது? நான் தந்ததற்கு மதிப்பே இல்லையா?"

"பழம் தந்தீர்கள், பசி தீர்ந்தது. அதை மறக்கமாட்டேன். சுவருக்குத் தந்ததைச் சுவரோடு விட்டுவிட்டேன். எனக்கென்று தந்தது ஏதேனும் உள்ளே கிடந்தால் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன்!"

வன்சொண்டன் பொந்துக்குள் தலையை நீட்டித் தேடினான். மூலைமுடுக்கெல்லாம் தேடினான். தலையை வெளியே எடுத்தபோது கிளை வெறுமையாக இருந்தது.

வீட்டுக்குத் தந்ததைத் துணைக்குத் தந்ததாக எண்ணுகிறவனுக்கு முடிவில் வீடு மட்டுமே மிஞ்சும்.