பெட்டியில் ஒரு குச்சி

குருவை நம்பாதவனுக்கு வித்தை வராது என்பார்கள். ரத்தினசபாபதி வித்தையை நம்பினார். குருவை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருக்குப் போக்கர் என்ற சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்த அமலோற்பவத்துக்கு முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். சீட்டு கற்க வந்தவர்களுக்கும் அவர் டீச்சர்தான்.

கோவாவில், ஆற்றில் நங்கூரம் போட்டு நின்ற கப்பலில் போட்டி. கடைசியாக மிஞ்சும் ஒன்பது பேருக்கு மறுநாள் இறுதி மேசை. ஏழு வருஷமாக சபாபதி அந்த மேசையைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். "இந்தத் தடவையும் இல்லேன்னா இனிமே சீட்டைத் தொட மாட்டேன்" என்று மனைவி கோமளத்தின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

காலையில் அவர் முன்னால், பணத்துக்குப் பதில் வைத்தாடும் வட்டச் சிப்புகள் கோபுரமாக நின்றன. "சும்மா இருக்காதீங்க சார்" என்றார் டீச்சர். "சுமாரான சீட்டுன்னாலும் உள்ளே போங்க. பந்தயத்தை ஏத்தி ஏத்தி எல்லாரையும் சீண்டுங்க."

சீண்டினார். மத்தியானம் ஒரே ஆட்டத்தில் கோபுரம் சரிந்து கைப்பிடியளவு ஆயிற்று. அதை வைத்துக்கொண்டும் சீண்டினார்.

இடைவேளையில் டீச்சர் வந்தார். "இனி சீண்டாதீங்க. நல்ல சீட்டு வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு இருங்க. வந்தா மொத்தத்தையும் நடுவில தள்ளிடுங்க."

தலையாட்டிவிட்டு டீ எடுக்கப் போனார் சபாபதி. தூணுக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல் கேட்டது. ஜமாலிடம் பேசிக்கொண்டிருந்தார். அவனும் டீச்சரின் மாணவன்தான். சபாபதியின் மேசையில் இப்போது அவன் முன்னால்தான் கோபுரம்.

"சும்மா இருக்காதீங்க ஜமால். எல்லாரையும் சீண்டுங்க."

சபாபதியின் கையில் டீ ஆறியது. நான் மொத்தத்தையும் தள்ளுவேன், அவன் அள்ளுவான். அதில் இந்த அம்மாளுக்கு எத்தனை பங்கு? அடுத்த நிமிஷமே, எதைக் கண்டாலும் புழு தேடுகிற புத்தி எனக்கு எப்போது வந்தது என்றும் தோன்றியது. ஆனாலும் புழு நெளிந்தது.

டீச்சரைத் தேடி மேல்தளத்துக்கு ஏறினார். அங்கே சாரலும் காற்றுமாக இருந்தது. டீச்சர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"காலையில எனக்குச் சொன்னதை இப்போ அவனுக்குச் சொல்றீங்க. எனக்கு வேற சொல்றீங்க. எது டீச்சர் நிஜம்?"

"சிகரெட் பத்த வைங்க சார்."

சபாபதி தீக்குச்சியை உரசினார். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. "நான் கேட்டதுக்குப் பதில்..." என்று பேசிக்கொண்டே ஐந்தாவதையும் அணையவிட்டார்.

டீச்சர் தீப்பெட்டியை வாங்கினார். குச்சிகளைத் தன் கைப்பையில் கொட்டிக்கொண்டார். ஒன்றை மட்டும் போட்டுத் திருப்பித் தந்தார்.

சபாபதி பேச்சை நிறுத்தினார். காற்றுக்கு முதுகைக் காட்டி, உடம்பைக் குறுக்கி, உள்ளங்கைகளைக் குவித்தார். காற்று அடங்கக் காத்திருந்தார்.

"பெட்டி நனையுது சார்."

காற்று சற்றே தணிந்தது. உரசினார். பற்றிக்கொண்டது.

டீச்சர் கீழே இறங்கிப் போனார். அந்தக் குச்சிகள் யாருக்கோ என்று சபாபதி யோசித்தார்.

மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றுக்குச் சுற்று கட்டாயமாகக் கட்ட வேண்டிய பந்தயத்தைக் கட்டக் கட்ட, கைப்பிடியும் கரைந்தது.

"என்னண்ணே, இன்னிக்கு விரதமா?" என்றான் ஜமால்.

இரண்டு ஒன்பதுகள் ஜோடியாக வந்தன. ஜமால் ஏற்கெனவே சீண்டியிருந்தான். வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் சபாபதி பார்த்தார். டீச்சர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே ஒரு ஜாடையோ? மொத்தத்தையும் தள்ளினார்.

ஜமால் துணிந்து எதிர்த்தான். ஆஸும் பத்தும் வைத்திருந்தான். ஒன்பதுகள் ஜெயித்தன. பிறகு இன்னொரு முறை தள்ளினார். மூன்றாவது முறை மறுபடி ஜமால் எதிர்த்தபோது, கோபுரம் மேசையைக் கடந்து சபாபதியின் பக்கம் வந்துவிட்டது. ஜமாலுக்குக் கைப்பிடி மிஞ்சியது.

மறுபடி இடைவேளை. இறுதி மேசைக்கு இன்னும் மூன்று பேர் வெளியேற வேண்டும். சபாபதி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

"இப்பதான் டீச்சர் பிடிபட்டுது! கையைக் கட்டிட்டு உக்காந்துடறேன். மூணு பேரு தானா கழலட்டும். நல்ல சீட்டு ஒண்ணு ரெண்டு வந்தா மொத்தமாத் தள்ளிடறேன். கோமளத்துக்கு நாளைக்குக் காலையில போன் போடறேன்."

டீச்சர் கையை நீட்டினார். சபாபதி காலிப் பெட்டியைக் கொடுத்தார். கைப்பையிலிருந்த குச்சிகளை அதில் அடைத்து, மூட முடியாத அளவுக்கு நிரப்பித் தந்தார் டீச்சர்.

தளத்தின் மறுகோடியில் ஜமால் எதையோ உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

அவனிடம் என்ன சொன்னார்? சபாபதி ஒரு குச்சியை எடுத்தார். திரும்பி நின்றார். உடம்பைக் குறுக்கினார். கைகளைக் குவித்து, காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தார். அக்குள் வழியே டீச்சரை ஒரு பார்வை பார்த்தார்.

கீழே மணி அடித்தது.

"பெட்டி நிறைஞ்சு வழியுது சார்" என்றார் டீச்சர். "இன்னும் யாருக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறீங்க?"