முன்னால் பறப்பது யார்?

பனிக்காலம் கழிக்க ஏரிக்கு வந்த இரண்டு வாத்துக் கூட்டங்கள் அந்த ஆண்டு ஒன்றாகச் சேர்ந்தன. கூட்டம் பெரிதானால் கழுகு நெருங்காது என்று இரு தரப்புக்கும் சந்தோஷம். சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாளே சண்டை!

வடக்கே மலை தாண்டித் திரும்பும்போது யார் முன்னால் பறப்பது? யாருக்குப் புல் நிறைந்த பெரிய கரை, யாருக்குச் சேற்றுக் குட்டை? எல்லாம் மூத்தவருக்கே முதலில். ஆனால் மூத்தவர் யார்?

"முட்டையை உடைச்சு முதல்ல வந்தவங்கதான் மூத்தவங்க!" என்றாள் கீழ்க்கரைக் கூட்டத்தின் வெண்தோளி.

"மலையை அதிக தடவை தாண்டினவங்கதான் மூத்தவங்க!" என்றாள் மேல்கரைக் கூட்டத்தின் சாம்பலி.

சாம்பலிக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. அவள் கணவன் ஒற்றைவரியனின் சிறகு வேடன் எறிந்த கல்லில் அடிபட்டிருந்தது. தென்காற்று பின்னாலிருந்து தள்ளினால்தான் அவனால் மலை தாண்ட முடியும். காற்று திரும்பிவிட்டால் அவ்வளவுதான். அது தெரிந்தும் அவள் மல்லுக்கு நின்றாள்.

ஒருநாள் வெண்தோளியே இறங்கி வந்தாள். "முறை வச்சுப் பறப்போம். நான் முன்னால போறப்ப உன் வீட்டுக்காரர் என் பின்னாலேயே வரட்டும். எதிர்க்காத்தை நான் தாங்கிக்கிறேன்."

"ஒத்துக்க சாம்பலி, பின்னால பறந்தா என்ன குறைஞ்சு போயிடும்?" என்றான் ஒற்றைவரியன்.

"சும்மா இருங்க! அந்த மலையில எனக்குன்னு ஒரு பேர் இருக்கு!"

பேச்சு நீண்டது. ஏரி வற்றியது. புல் கருகியது. தென்காற்று நின்று, வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. இனி இருந்தால் பட்டினிச் சாவு என்றானபின் எல்லோரும் கிளம்பினார்கள்.

"நீதானே மலை தாண்டினவ, முன்னால போ!" என்றது கீழ்க்கரை.

"மூத்தவங்க நீங்கதானே, நீங்க போங்க!" என்றது மேல்கரை.

அத்தனை நாள் அடித்துக்கொண்ட இடம் இப்போது யாருக்கும் வேண்டாம்! சாம்பலிதான் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் ஒற்றைவரியன், அவள் வேகத்துக்கு ஒட்டிப் பறக்க முடியாமல் எதிர்க்காற்றில் தள்ளியே வந்தான்.

"வர்றீங்களா?" என்று கத்தினாள்.

"வர்றேன், வர்றேன்."

கணவாயை நெருங்கும்போது மறுபடி கேட்டாள். பதில் இல்லை. திரும்பினாள். அவன் பறந்த இடம் காலியாக இருந்தது. கீழே பனி, பனி, வெறும் பனி. வட்டமிட்டுத் தேடக்கூட அந்தக் காற்று விடவில்லை.

வெண்தோளி பக்கத்தில் வந்தாள். "நீ பின்னால வாம்மா. நான் முன்னால போறேன்."

சாம்பலி ஒதுங்கி வழிவிட்டாள். வெண்தோளிக்குப் பின்னால், அவன் பறந்திருக்க வேண்டிய அதே இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அங்கே காற்று அவ்வளவாக அடிக்கவில்லை.

யார் முதலில் என்று அடித்துக்கொண்டே இருப்பவர்கள், யாருக்காக விட்டுக்கொடுக்க வேண்டுமோ அவர்களையே இழந்துவிடுவார்கள்.