ஓநாய் இல்லாத ஓட்டம்

உடைமரங்கள் நிறைந்த ஒரு கரட்டுக் காட்டில் வெளிமான் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒருவர் ஓடினால் எல்லோரும் ஓட வேண்டும். ஏன், எதற்கு என்று நின்று கேட்கக் கூடாது. அப்படி நின்று கேட்டவர்களை ஓநாய் தின்றுவிட்டது. கேட்காமல் ஓடியவர்களின் பிள்ளைகள்தான் இப்போது அங்கே மேய்கிறவர்கள்.

அந்தக் கூட்டத்தில் சுழிக்கொம்பன் என்று ஒரு கலைமான் இருந்தான். மழை முடிந்து புல் தழைத்திருந்த காலம் அது. எல்லோரும் வயிறாரத் தின்று திரிந்தார்கள். சுழிக்கொம்பனுக்கு மட்டும் புல் வாயில் சக்கையாக இருந்தது. நெஞ்சுக்குள் பாறையை உருட்டி வைத்தாற்போல ஒரு பாரம். அவன் சண்டையில் தோற்கவில்லை. சொந்தத்தில் சாவு இல்லை. இன்னதுதான் காரணம் என்று காட்ட ஒன்றும் இல்லாததே அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

"ரெண்டு வாய் கூடத் தின்னு, சரியாப் போகும்" என்றார்கள். தின்றான். சரியாகப் போகவில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு குளவி அவனைக் கொட்டியது. வலி பொறுக்காமல் ஓடினான். வலி அடங்கிய பிறகும் கால்கள் நிற்கவில்லை. ஓடையைத் தாண்டி, பாறை மேட்டைச் சுற்றி, இரைக்க இரைக்க வந்து நின்றான். நெஞ்சிலிருந்த பாறை அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் ஓரமாக மூச்சு போய்வர ஒரு வழி கிடைத்திருந்தது. குனிந்து புல்லைக் கடித்தான். இனித்தது.

மறுநாளும் ஓடினான். அதற்கு மறுநாளும் ஓடினான். அவன் ஓடியபோதெல்லாம், சட்டப்படி, மொத்தக் கூட்டமும் பின்னால் ஓடியது. குட்டிகள் இடறி விழுந்தன. சினையாக இருந்த அவனுடைய அக்கா செவலைக்குக் கால் பிசகிவிட்டது.

கூட்டத்தின் தலைவன் கரியன் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

"எங்கலே ஓநாய்?"

"ஓநாய் இல்ல, அண்ணாச்சி."

"பிறகு யாரு உன்னத் துரத்துனது?"

"யாரும் துரத்தல. ஓடினாத்தான் எனக்கு மூச்சு விட முடியுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நல்லா இருக்கே கதை! எனக்குந்தான் ஆயிரம் கவலை இருக்கு. நான் ஓடுதேனா? நிக்கேன்ல?" என்றது ஒரு கிழட்டு மான்.

கரியன் சிரிக்கவில்லை. "உன் அக்கா நடக்க முடியாமக் கெடக்கா. ஒண்ணு, கூட்டத்தோட நில்லு. இல்லேன்னா, தனியாப் போயி உன் இஷ்டத்துக்கு ஓடு."

தனியே போன வெளிமான் எதுவும் திரும்பி வந்ததில்லை. சுழிக்கொம்பன் நின்றுவிட்டான்.

நின்ற பிறகு உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு படுத்தான். ஈ மொய்த்தால் காதை ஆட்டுவதும் குறைந்தது. அவன் படுத்துக்கிடந்த வெட்டவெளியில் ஆள்காட்டிக் குருவி ஒன்று தரையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஓநாயோ மனிதனோ எட்டிப் பார்த்தால் முதலில் கத்துவது அதுதான்.

"ஏ தம்பி, பார்த்து. கால நீட்டி என் முட்டைய ஒடைச்சிராத" என்றது குருவி.

"நான் எங்க கால நீட்டப் போறேன்" என்றான் அவன்.

குருவி அவனை ஏற இறங்கப் பார்த்தது. "உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எந்திரிக்க முடியல. அவ்வளவுதான்."

"சோம்பேறின்னு நினைச்சேன். சோம்பேறிக்கு முகம் இப்படி இருக்காது" என்றது குருவி. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் மேல் மொய்த்த ஈக்களைக் கொத்தத் தொடங்கியது.

ஒரு நாள் ஓநாய் நிஜமாகவே வந்தது.

குருவி கத்தியது. கூட்டம் ஒரே பாய்ச்சலில் பறந்தது. சுழிக்கொம்பன் மட்டும் படுத்தே கிடந்தான். ஓநாய் புல்லை விலக்கிக்கொண்டு வருவது அவன் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. வரட்டும் என்று தோன்றியது. பயம்கூட வராதது அவனுக்கே வியப்பாக இருந்தது.

குருவி அவன் நெற்றியில் வந்து கொத்தியது. "எந்திரி தம்பி! வருது!"

"கால் வரல அக்கா. நீ பறந்து போயிரு."

"நான் பறந்திருவேன். என் முட்டை பறக்குமா? உன்னத் தின்ன வாறது என் முட்டைய மிதிச்சிட்டுத்தான் வரும். சாகணும்னா வேற எங்கயாவது போயிச் சாவு. இங்க கிடக்காத!"

சுழிக்கொம்பன் முட்டைகளைப் பார்த்தான். மண்ணோடு மண்ணாக, புள்ளி புள்ளியாகக் கிடந்தன. தனக்காக எழ அவனால் முடியவில்லை. அவற்றுக்காக எழுந்தான். முன்னங்கால் மடங்கி விழுந்து, மறுபடி எழுந்து, முட்டைகள் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடினான். முதலில் சேற்றில் ஓடுவது போலிருந்தது. பிறகு கால்களுக்குப் பழைய வழி தெரிந்தது. ஓடை, பாறை மேடு, உடைமரக் காடு. ஓநாய் பாதி வழியில் நாக்கைத் தொங்கப் போட்டு நின்றுவிட்டது.

கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது.

"கத்துனது காதுல விழலியா? ஏன்லே படுத்தே கெடந்த?" என்றான் கரியன்.

"தினமும் ஓடின வரைக்கும் எந்திரிக்க முடிஞ்சுது, அண்ணாச்சி. நிறுத்தின பிறகு முடியல" என்றான் சுழிக்கொம்பன்.

யாரும் சிரிக்கவில்லை. பிசகிய காலை இழுத்துக்கொண்டு செவலை வந்து, தம்பியின் கழுத்தில் தன் கழுத்தை வைத்தாள்.

கரியன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான்: "அவன் சும்மா ஓடுறானா, பயந்து ஓடுறானான்னு நமக்குத் தெரியாது. ஆனா ஓநாய் வந்தா குருவிக்குத் தெரியும். இனி அவன் காலப் பார்க்காதீங்க. குருவி கத்துனா மட்டும் ஓடுங்க."

"காலங்காலமா இருந்த சட்டமாச்சே" என்றது கிழட்டு மான்.

"அந்தச் சட்டம் இன்னைக்கு ஒருத்தனக் கொன்னிருக்கும்" என்றான் கரியன்.

மறுநாள் காலையில் சுழிக்கொம்பன் ஓடினான். கண்ணெதிரே ஒருவன் பாய்ந்து ஓடும்போது அசையாமல் நிற்பது வெளிமானுக்கு எவ்வளவு கடினம் என்பது வெளிமானுக்குத்தான் தெரியும். எல்லோர் காலும் துடித்தது. குட்டிகளைத் தாய்கள் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டன. கிழட்டு மான் கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஆனாலும் அவன் சுற்றி வரும்வரை, நடுங்கும் கால்களோடு ஒருவரும் நகராமல் நின்றார்கள்.

நெஞ்சிலிருந்த பாறை ஒரேயடியாகப் போய்விடவில்லை. அது மறுநாளும் வந்தது. மழை மூட்டம் போட்ட நாட்களில் ஓடிய பிறகும் அசையாமல் கிடந்தது. அப்படிப்பட்ட நாட்களில், கால் தேறிய செவலை ஒன்றும் பேசாமல் கூடவே ஓடினாள்.

மனப்பாரத்தோடு ஓடுகிறவனிடம் யார் துரத்தினார்கள் என்று கேட்டு மறிக்காமல், அவன் ஓடி முடித்துத் திரும்பி வர இடம் வைத்திருப்பதே உறவுக்கு அழகு.