மாலை ஆறு மணி விமானமும் புது மாடலும்

ஓடக்காட்டுப்புதூரில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் அறிவு ஓரளவு தேறும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். எந்த நேரத்தில் அது யாரிடம் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது, அதுதான் சிக்கல்.

நால்வரும் முப்பது வருஷம் ஒரே தனியார் பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். நாச்சிமுத்து டிரைவர். வெள்ளியங்கிரி கண்டக்டர். ஆறுச்சாமி கிளீனர், ஐம்பத்தாறு வயதிலும் கிளீனர்தான். சென்னியப்பன் செக்கர், அதாவது பாதி வழியில் ஏறி டிக்கெட்டைச் சரிபார்த்து, எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்குகிறவர். முதலாளி ஒரு நாள் பஸ்ஸை விற்றுவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போய்விட்டார். மண்டபம் எங்கேயும் ஓடாது என்பதால் அதில் இவர்களுக்கு வேலை இல்லை.

சும்மா இருக்க முடியாமல் நால்வரும் தவித்துக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயபால் ஒரு பழைய கம்ப்யூட்டரை நாச்சிமுத்துவின் தலையில் கட்டினார். அதில் ஃப்ளைட் சிமுலேட்டர் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே விமானம் ஓட்டலாம். ஜெயபால் புத்திசாலி, இவர்களைப் பற்றித் தெரிந்தவர். முதல் நாளே விமானம் தானாகக் கிளம்பி, தானாகப் பறந்து, தானாக இறங்கும்படி எல்லாவற்றையும் அமைத்துவிட்டுப் போய்விட்டார். அது நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. தான்தான் ஓட்டுவதாக அவர் நம்பினார், மிகவும் ஜாக்கிரதையாகவும் ஓட்டினார்.

மாவு மில்லுக்கு மேலே ஒரு அறை. தினமும் மாலை ஆறு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ஒரு வண்டி. அதை விமானம் என்று அவர்கள் யாரும் சொல்வதில்லை. சுவரில் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றி வந்த பலகைகள் மாட்டியிருந்தன: 'கை, தலை வெளியே நீட்டாதீர்', 'ஓட்டுநருடன் பேசாதீர்'. ஆறுச்சாமி காலையில் மானிட்டரைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்துவிடுவார். வெள்ளியங்கிரி நூற்றி அறுபத்திரண்டு டிக்கெட்டையும் மதியமே கிழித்துவிடுவார். ஆறு மணிக்கு டபுள் விசில் கொடுத்தால் விமானம் கிளம்பும். ஏழு பத்துக்குச் சென்னை. சென்னியப்பன் சேலம் தாண்டியதும் ஒரு தடவை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து செக் செய்வார்.

இப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. ஆயிரம் மணி நேரம் பறந்து முடித்தால் நாச்சிமுத்துவின் பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று திரையில் வரும் என்று ஜெயபால் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கணக்குப் பார்த்தால், ஆகியிருந்தது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு மணி ஐம்பது நிமிஷம். மிச்சம் ஒரே ஒரு சிங்கிள், அதாவது ஒரு நடை, ஒரு மணி பத்து நிமிஷம்.

நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. காரணம் அவருடைய சகலை லோகநாதன். அவர் ரயில் ஓட்டுகிறவர். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் மாமனார் வீட்டார் ரயில் ஓட்டுகிற மாப்பிள்ளைக்குப் பாய் போட்டு முன்னால் உட்காரவைப்பார்கள். பஸ் ஓட்டிய மாப்பிள்ளை பந்தி பரிமாறுவார். முப்பது வருஷமாக நாச்சிமுத்து மனசுக்குள் வெந்துகொண்டிருந்தார். அவர் மனைவி பாப்பாத்தி தன் பட்டுச்சேலையின் ஜரிகையை வெட்டி, வெள்ளைச் சட்டையின் தோளில் நாலு பட்டை தைத்து வைத்துவிட்டாள். கேப்டன் ஆனதும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு அறிவிப்பு நின்றது. நால்வரில் இங்கிலீஷ் தெரிந்தவர் சென்னியப்பன் ஒருவர்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொன்னார். சிமுலேட்டரின் புது மாடல் வந்துவிட்டது; இன்றே மாறவும்; பழைய மாடலில் பறந்த நேரம் புதியதில் சேராமல் போகலாம்.

நாச்சிமுத்து அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம் பழசுலயே ஒரு சிங்கிள் அடிச்சுட்டு, நாளைக்கு மாறிக்கலாமுங்களே" என்றார். அன்று அந்த அறையில் யாராவது புத்தியோடு பேசியது அந்த ஒரு தடவைதான்.

சென்னியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னைக்கேன்னு போட்டிருக்குதுங். புது மாடல் வந்த பொறவு பழசை வெளிய எடுத்தா, எஃப்.சி. சர்டிபிகேட் முடிஞ்ச வண்டியை ரோட்டுல உட்ட மாதிரி. பாதி வழியில யாராச்சும் புடிச்சா என்ன சொல்லுவீங்க?"

"யாருங் புடிப்பாங்க?"

"நாந்தான். சேலம் தாண்டுனதும் ஏறுவேனில்லீங்?"

சென்னியப்பன் நேர்மையானவர், தான் இருக்கிற வண்டியானாலும் பிடிக்காமல் விட மாட்டார். அப்படியானால் மாறிவிடலாம் என்று ஆறுச்சாமி சொன்னார். வெள்ளியங்கிரி கையிலிருந்த டிக்கெட்டுக் கட்டைக் காட்டினார். அன்று ஆர்வத்தில் காலையிலேயே கிழித்துவிட்டாராம். நூற்றி அறுபத்திரண்டு பேர் பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. குழந்தை குட்டியோடு இருக்கிறவர்களை என்ன செய்வது என்று கேட்டார்.

மதியம் வரை பேசினார்கள். கடைசியில் பஸ் வழக்கப்படியே முடிவாயிற்று. ஒரு வண்டி நின்றுபோனால் அடுத்த வண்டியை ஒட்டி நிறுத்தி, அதே டிக்கெட்டில் ஆட்களை மாற்றி ஏற்றுவதில்லையா? அதையே செய்வது; ஆட்களோடு நாச்சிமுத்துவின் மணிக்கணக்கும் சேர்ந்து ஏறிவிடும். ஜெயபாலிடம் போய் ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கி வந்தார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெயபால், அதில் புது மாடலை ஏற்ற ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

லேப்டாப்பைக் கம்ப்யூட்டரை ஒட்டி வைத்தார்கள். பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் சென்னியப்பன் திரையில் இருந்ததைப் படித்தார். "தொடங்கறதுக்கு முன்னால, ஓடிட்டிருக்கற எல்லாத்தையும் நிறுத்தோணுமாமா."

எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தானே. ஃபேனை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றினார்கள். ஆறுச்சாமி கீழே இறங்கித் தெருக்குழாயை மூடினார். மூன்று நாற்பது மணி பஸ் வந்தபோது நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார். அந்த டிரைவர் எட்டிப் பார்த்து, யாராவது ஏறுகிறார்களா என்று கேட்டார். ஏறவில்லை, மேலே ஒரு வேலை நடக்கிறது, முடிகிற வரைக்கும் எதுவும் ஓடக்கூடாது என்று ஆறுச்சாமி பொறுமையாக விளக்கினார். அதற்குள் ஒரு கோழி ஓடியது. ஆறுச்சாமி அதைத் துரத்தினார். மாடியிலிருந்து பார்த்த வெள்ளியங்கிரி, இப்போது நீயும் ஓடுகிறாய் என்று எடுத்துச் சொன்னார். நியாயம்தான் என்று ஆறுச்சாமி நின்றார். கோழி நிற்கவில்லை. அந்த இடைவெளியில் பஸ்ஸும் போய்விட்டது.

மிச்சம் இருந்தது மாவு மில். மிளகாய் அரைக்க ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மில்லை நிறுத்த முடியாது என்று மில்காரர் சொல்லிவிட்டார். ஆறுச்சாமி வாக்குவாதம் செய்யவில்லை. சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டார்.

கீழே மில் நின்றது. மேலே பழைய கம்ப்யூட்டர் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுக் கருகல் வாடையோடு அணைந்தது. மில்காரர் ஓடிவந்து சுவிட்சைத் திரும்பப் போட்டார், ஆறுச்சாமியின் முதுகிலும் இரண்டு போட்டார். மில் ஓடியது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. லேப்டாப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மில் நின்றதுமே சென்னியப்பன் பொத்தானை அமுக்கிவிட்டதால், அதில் புது மாடல் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து கறுத்துக் கிடந்த மானிட்டரையே பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு மணி ஐம்பது நிமிஷமும் அதற்குள் இருக்கிறது. சகலை இனி சாகும்வரை பாயில் உட்காருவார்.

வெள்ளியங்கிரிக்கு வேறு கவலை. "உள்ள நூத்தி அறுபத்திரண்டு உருப்படிங். லைட்டும் இல்ல, ஃபேனும் இல்ல" என்றவர், வாயைக் குவித்து மானிட்டருக்கு அருகில் கொண்டுபோய், எல்லோரும் இறங்கிப் பக்கத்து வண்டிக்கு மாறும்படி மூன்று தடவை கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. ஜன்னல் சீட்டு கிடைத்தவன் இறங்க மாட்டான் என்பது அவருடைய முப்பது வருஷ அனுபவம்.

அப்போதுதான் ஆறுச்சாமி முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். "கட்டி இழுத்துட்டுப் போனா என்னங்?"

எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். இழுத்துக்கொண்டு போகிற வண்டியிலும் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு டிரைவர் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தால் அது டூட்டி. டூட்டி என்றால் நேரம் கணக்கில் ஏறும். எஃப்.சி. பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் பழைய வண்டி தானாக ஓடவில்லை.

நாச்சிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வந்து, லேப்டாப்பின் மூடியில் ஒரு முனையையும் கம்ப்யூட்டர் பெட்டியில் மறுமுனையையும் கட்டினார்கள். லேப்டாப் புது வண்டி என்பதால் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்து, முறைப்படி நசுக்கினார்கள். இழுக்கிற வண்டியை ஓட்ட ஆறுச்சாமி உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக டிரைவர் சீட்டு. சரியாக ஆறு மணிக்கு டபுள் விசில்.

புது மாடலில் ஜெயபால் எதையும் அமைத்துவைக்கவில்லை. இருந்தாலும் ஆறுச்சாமி கைக்கு வந்ததை அமுக்கி எப்படியோ மேலே ஏற்றிவிட்டார். பின்னால் நாச்சிமுத்து கறுத்த திரையைப் பார்த்தபடி, கயிறு தொய்யாமல், இடைவெளி விட்டு ஓட்டி வந்தார். ஈரோடு தாண்டுகிறவரை ஒரு குறையும் இல்லை.

ஆறு முப்பத்தெட்டுக்குச் சேலம் வந்தது. சேலம் என்றால் பஸ் நிற்க வேண்டிய இடம். கிளீனர் புத்தி போகுமா? ஆறுச்சாமி வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார். லேப்டாப் திரையில் வானம் மேலே போனது, ஏற்காடு மலை கீழேயிருந்து வந்தது.

"கயித்த அறுங்" என்றார் நாச்சிமுத்து. வெள்ளியங்கிரி பிளேடால் ஒரே இழுப்பில் அறுத்தார். நாச்சிமுத்து தரையில் வலது காலை ஊன்றி, நாற்காலி பின்னால் சாயும் அளவுக்கு பிரேக் போட்டார். லேப்டாப்பில் பெரிய நெருப்பு எழுந்தது. விமானம் விழுந்துவிட்டது என்று சிவப்பு எழுத்தில் வந்ததைச் சென்னியப்பன் படித்தார்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய மானிட்டரைப் பார்த்தார்கள். அதில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, சிவப்பு எழுத்தும் இல்லை. சென்னியப்பன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கீறல்கூட விழவில்லை.

"ஒரு உருப்படிக்கும் சேதாரமில்லீங்" என்றார்.

இழுக்க வண்டி இல்லையே என்று யாரும் கவலைப்படவில்லை. சேலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் இறக்கம், நியூட்ரலில் விட்டால் போதும் என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டு, லேப்டாப்பில் தெரிந்த மணிக்கு முள்ளைத் திருப்பிக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளியங்கிரி நேரம் பார்த்தார். ஏழு பத்துக்கு நாச்சிமுத்து ஒரு குலுங்கல் இல்லாமல் வண்டியைச் சென்னையில் இறக்கினார். சென்னியப்பன் சாக்பீஸை எடுத்துக் கறுத்த திரையில் 'கேப்டன் நாச்சிமுத்து, 1000' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அவ்வளவு தெளிவாகத் திரையில் எழுத்து வந்து அவர்கள் பார்த்ததே இல்லை. பாப்பாத்தி சட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். கேப்டன் அழுதார், மற்ற மூவரும் சேர்ந்து அழுதார்கள்.

மாறுவதா வேண்டாமா என்ற பேச்சு அதோடு முடிந்தது. புது மாடல் முதல் நாளே மலையில் மோதிவிட்டது. பழையது, அதுவும் அணைந்த நிலையில், பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுநாள் பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து தருவதாக வந்த ஜெயபாலை, நன்றாக ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் லேப்டாப்பை மோந்து பார்த்து, எலுமிச்சம்பழ வாடை எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போனார்.

அடுத்த வாரம், கேப்டன் ஆன சேதி கேட்டு சகலை லோகநாதன் கையில் பையோடு வந்தார். அப்போது மணி ஆறு ஐம்பது. ஜரிகைப் பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து நாச்சிமுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். லோகநாதன் கம்ப்யூட்டரை முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"ஏனுங் சகலை, பொட்டி அணைஞ்சு கெடக்குதே?"

நாச்சிமுத்து திரும்பவில்லை. சுவரில் இருந்த 'ஓட்டுநருடன் பேசாதீர்' பலகையை ஒரு விரலால் காட்டினார்.

ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் பலகையைப் பார்த்து நடந்த மனிதர் லோகநாதன். சட்டென்று வாயை மூடிக்கொண்டார். வெள்ளியங்கிரி ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார், கொஞ்ச நேரம் கம்பியைப் பிடிப்பது போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கண்டக்டரிடம் கேட்டார். "அரக்கோணத்துல எனக்கு எட்டு மணிக்கு டூட்டிங். அங்க எறக்கி உடுவீங்களா?"

"எக்ஸ்பிரஸ்ங். சென்னை போய்த்தான் நிக்கும்" என்றார் வெள்ளியங்கிரி. ஆனாலும் கேப்டனுக்குச் சகலை. ஏழு மணிக்குச் சிங்கிள் விசில் கொடுத்தார். நாச்சிமுத்து வேகத்தைக் குறைத்தார். லோகநாதன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அறை வாசலில் இறங்கி, ஓடும் வண்டியிலிருந்து இறங்குகிறவர் செய்ய வேண்டியபடியே, வண்டி போகிற திசையில் நாலு எட்டு ஓடி நின்று, கையைக் காட்டினார். டபுள் விசில் கேட்டது. விமானம் மறுபடி மேலே ஏறியது.