தொண்ணூறா, நூற்றுநாற்பதா?

இதைச் சொல்வோரில் சிலர், மடம் கொல்லிமலை அடிவாரத்தில் இருந்தது என்பர். சிலர் அதைப் பச்சைமலைப் பக்கம் கொண்டுபோய் வைப்பர். மடத்துப் பிக்கப் வண்டியின் நிறத்திலும் ஒற்றுமை இல்லை. வந்தவர் கேட்டதில் மட்டும் எவரும் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை.

"அம்மா, இன்னைக்கே எனக்குக் காவி குடுத்துருங்க."

கேட்டவர் செங்கோட்டுவேலு. நாமக்கல்லில் லாரிகளுக்கு எண்ணெயும் உதிரிபாகமும் விற்றே தலை நரைத்தவர். மடத்துத் தலைவி நல்லம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஞாயிறுதோறும் வந்து பாடம் கேட்டவராதலால், அவளை 'அம்மா' என்றே அழைப்பார்.

"கடை?" என்றாள் நல்லம்மை.

"பையன் பேருக்கு மாத்திட்டேனுங்க."

"வீட்டுல?"

"பாவாயிகிட்டச் சொல்லிட்டேன். காலையில சாப்பிட்ட கையோட சொன்னேன், நான் சாமியாராப் போறேன்னு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லலீங்க. தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. முப்பது வருசக் குடும்பம், இவ்வளவு சுலபமா விட்டுப்போகும்னு நானே நெனைக்கலை."

நல்லம்மை வாசலைப் பார்த்தாள். மலைமேல் பள்ளிக்குப் பகல் சோறு ஏற்றிச் செல்லும் வண்டி அங்கே புங்கமர நிழலில் நின்றது.

"வண்டிக்குக் கிரவுன் ஆயில் மாத்தணும், அதான் பின்சக்கரப் பல்லுப் பெட்டிக்கு ஊத்தறது. தொண்ணூறு நம்பரா, நூத்திநாப்பதா? டிரைவர் ஒண்ணு சொல்றார், சமையல்காரர் ஒண்ணு சொல்றார்."

"சமையல்காரர் சொல்றதைக் கேட்டா நல்லெண்ணெய்தான் ஊத்தணும்" என்று சிரித்தார் செங்கோட்டுவேலு. பிறகு பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் அந்தப் பல்சக்கரப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். குரலில் கடைக்காரர் திரும்பி வந்தார்.

"நூத்திநாப்பது கெட்டிங்க. சத்தத்தை அடக்கும். ஆனா மார்கழிக் குளிர்ல பல்லுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். இந்த வண்டிக்குத் தொண்ணூறு. அதுலயும் ஜி.எல். ஃபைவ்ங்கற ரகம். கியர் பாக்ஸுக்கு ஊத்தற ஃபோரை இதுல ஊத்தினா, பாரம் ஏத்தி மலை வளைவுல திரும்பறப்போ பல்லு தாங்காது."

"நீங்க சொன்னாச் சரி. நீங்களே மாத்திருங்க."

"நானுங்களா?"

எத்தனையோ எண்ணெய்த் தகரம் விற்றவர். ஒரு வண்டிக்கடியிலும் படுத்தவர் இல்லை. எனினும், காவி கேட்டு வந்த நாளில் முடியாது என்பது எப்படி? தம் கடையிலிருந்தே நல்ல தகரமாக வரவழைத்தார். சாக்கை விரித்து அடியில் நுழைந்தார்.

பெட்டியின் கீழ் நட்டு தொட்டவுடன் கழன்றது. கரிய எண்ணெய் தட்டில் இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்திருந்தார். தம் மேலிருந்தும் ஏதோ இறங்குவது போல இருந்தது.

பிறகு மேல் நட்டில் ஸ்பேனரை வைத்தார். அசையவில்லை. இழுத்தார், சுத்தியலால் தட்டினார், இறுதியில் காலால் உதைத்தார்.

உள்ளே சோற்றுப் பானைகள் ஆவி பறக்கக் காத்திருந்தன. செங்கோட்டுவேலு கருத்த கைகளோடு, திறக்காத தகரத்தை அணைத்தபடி வந்து நின்றார்.

"மேல் நட்டு கழறலீங்க. மூலையெல்லாம் மழுங்கிப்போச்சு."

"அது எதுக்கு உள்ளது?"

"புது எண்ணெய் ஊத்தறதுக்கு."

"பழசை வடிக்கிறது?"

"அது உடனே கழண்டுக்கிச்சுங்க. ஒரு சொட்டு பாக்கியில்ல."

"அப்போ உங்களுக்கு முந்தியே வண்டி துறவு வாங்கிருச்சு."

பக்கத்தில் நின்ற டிரைவர் சிரித்துவிட்டார். "மேல் நட்டைக் கழட்டிப் பார்த்துட்டுத்தானுங்க ஐயா கீழ் நட்டுல கை வைக்கணும். பட்டறையில சேர்ந்தவுடனே அதைத்தான் சொல்லுவாங்க."

செங்கோட்டுவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்படியே மலைக்கு ஓட்டலாமா?" என்று கேட்டாள் நல்லம்மை.

"ஐயோ, வேண்டாமுங்க! பல்லோட பல்லு உரசி, பாதி வழியில எல்லாம் பொடியாயிரும்."

"எண்ணெய் சரியானதுதானே?"

"இதைவிடச் சரியானது இந்த வண்டிக்குக் கிடையாதுங்க."

பானைகளுக்கு ஆட்டோ பிடித்துவரச் சொல்லி டிரைவரை அனுப்பினாள். அவர் போன பின்னும் செங்கோட்டுவேலு அங்கேயே நின்றார். தகரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அம்மா, அப்போ என் காவி?"

"உள்ளதான் இருக்கு. நல்ல காவி" என்றாள் நல்லம்மை. "உங்களுக்கு அதை எது வழியா ஊத்தட்டும்?"